எடையுள்ள கட்டையும் எடையற்ற பியானோவும்

இசைக்கருவிகளை நம் முன்னோர் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று நான்காக வகுத்தனர். முழவு தோலால் ஒலிக்கிறது. குழல் துளையால் ஒலிக்கிறது. யாழும் வீணையும் நரம்பால் ஒலிக்கின்றன. தாளம் கஞ்சத்தால் ஒலிக்கிறது. இந்நான்கினுள் எதிலும் அடங்காத ஒரு கருவியைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். அதற்குத் தோல் இல்லை, துளை இல்லை, நரம்பு இல்லை, உலோகத் தட்டும் இல்லை. கணினியின் நினைவகத்தில் அது வெறும் எண்களாகக் கிடக்கிறது. நாம் தூண்டும்பொழுது மட்டும் ஓர் அரங்கப் பியானோவாக உயிர்பெற்று ஒலிக்கிறது. இதனை மெய்நிகர் இசைக்கருவி என்கிறோம்.

இத்தகைய கருவி எதற்காக என்று சிலர் வினவலாம். உண்மையான அரங்கப் பியானோ ஒன்றில் சுமார் 230 கம்பிகள் உள்ளன. அவை யாவும் சேர்ந்து இழுக்கும் இழுவிசை ஏறத்தாழ 20 டன். அதனைத் தாங்க வார்ப்பிரும்புச் சட்டம் வேண்டும். அச்சட்டத்தை வைக்க விசாலமான அறை வேண்டும். கம்பிகளுக்குச் சுருதி சேர்க்க ஆண்டுக்கு இரண்டொரு முறையேனும் கைதேர்ந்தவர் ஒருவர் வரவேண்டும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களிலோ, காற்றின் ஈரம் மரத்தை உப்பச் செய்கிறது. கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. இத்தனை இடர்ப்பாடும் இன்றி, மேசையில் அடங்கும் ஒரு கருவியையும் ஒரு கணினியையும் கொண்டு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை இன்று பியானோ பயில முடிகிறது. இது சிறிய செய்தி அன்று.

ஆயினும் இங்கே ஓர் ஐயம் எழுகிறது. பியானோவின் ஒலி நம் வீட்டுக்கு வந்துவிட்டது. பியானோ வாசிக்கும் கையும் உடன் வந்துவிடுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம். மென்பொருளை அமைத்துக்கொள்ளும் முறையையும், எடையுள்ள கட்டைகளுக்குக் கையைப் பழக்கும் முறையையும் கூறுகிறேன். இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள்போல் தோன்றினும், உண்மையில் ஒரே வேலையின் இரு பக்கங்கள் என்பதை முடிவில் காண்பீர்கள். நம் ஆர்மோனியக்காரர் வழக்கை ஒட்டி, விரலால் அழுத்தும் உறுப்பைக் ‘கட்டை’ என்றே குறிப்பிடுகிறேன்.

முதலில், கட்டைக்கு எடை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். பியானோவுக்கு முன் ஐரோப்பாவில் வழங்கிய ஹார்ப்சிகார்டு என்னும் கருவியில், கட்டையை அழுத்தினால் ஒரு சிறு அலகு எழுந்து கம்பியைச் சுண்டும். மெல்ல அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் சுண்டல் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஒலியின் அளவும் ஒன்றே. இத்தாலியின் பிளாரென்ஸ் நகரில், மெடிச்சி அரச குடும்பத்தின் கருவிக் காப்பாளராக இருந்த பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி இக்குறையை நீக்கினார். அவர் செய்த புதிய கருவி 1700-ஆம் ஆண்டின் அரண்மனைப் பட்டியலிலேயே இடம்பெற்றுள்ளது. அதில் அலகுக்குப் பதில் சுத்தியல் கம்பியைத் தாக்கியது. விரலின் வேகத்துக்கேற்ப மென்மையாகவும் வன்மையாகவும் ஒலித்தமையால், ‘மென்மை, வன்மை’ எனப் பொருள்படும் ‘பியானோ ஃபோர்ட்டே’ என்னும் பெயர் நிலைத்தது. அவர் செய்தவற்றுள் 1720, 1722, 1726 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த மூன்று கருவிகள் இன்றும் நியூயார்க், ரோம், லைப்சிக் நகரங்களின் அருங்காட்சியகங்களில் உள்ளன.

சுத்தியல் என்றால் அதற்குக் கனம் உண்டு. கனத்தை எறிவதற்கு விரலுக்கு வலிமை வேண்டும். இன்றைய பியானோவில் ஒரு கட்டையின் முன்விளிம்பில் ஏறத்தாழ 50 கிராம் எடையை வைத்தால் அது மெல்லக் கீழிறங்கும். ஆனால் 50 கிராம் என்பது கதையின் தொடக்கமே. கட்டை கீழிறங்கும் ஆழம் சுமார் 10 மில்லிமீட்டர். அதற்குள் சுத்தியலோ அதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு தொலைவு எழுந்து கம்பியை அடைகிறது. நெம்புகோலின் இயல்பை இயற்பியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். ஐந்து மடங்கு வேகத்தில் ஒரு பொருளை எறியவேண்டுமானால், அதன் நிலைமம் விரல்நுனியில் ஐந்தின் வர்க்கமாகிய 25 மடங்காகத் தோன்றும். ஒரு கிராம் சுத்தியல் விரலுக்கு 25 கிராம் பொருளைப்போல் காட்சி தருகிறது! ஆதலால்தான் மெல்ல அழுத்தும்போது இணங்கிவரும் கட்டை, விரைந்து அழுத்தும்போது எதிர்த்து நிற்பதுபோல் தோன்றுகிறது. அடித்தொனிச் சுத்தியல்கள் பெரியவை; உச்சத்தொனிச் சுத்தியல்கள் சிறியவை. எனவே இடப்புறக் கட்டைகள் கனத்தும் வலப்புறக் கட்டைகள் இலகுவாகவும் இருக்கும்.

கிறிஸ்தோஃபோரியின் பொறியில் இன்னொரு நுட்பம் உண்டு. அதுவே நமக்கு இன்றியமையாதது. கட்டை சுத்தியலைக் கம்பிவரை தள்ளிக்கொண்டே போவதில்லை. தள்ளினால் சுத்தியல் கம்பியிலேயே ஒட்டிநின்று ஒலியை அடக்கிவிடும். ஆகவே கம்பியை அடைவதற்குச் சற்று முன்பே சுத்தியலைக் கட்டை கைவிட்டுவிடுகிறது. எஞ்சிய சிறு தொலைவைச் சுத்தியல், கையை விட்டுப் பிரிந்த கல்லைப்போல், தானே பறந்து கடக்கிறது. பிரிந்த பின்பு விரல் என்ன செய்தாலும் அத்தாக்குதலை மாற்ற இயலாது. தனியொரு சுரத்தைப் பொறுத்தவரை, வாசிப்பவன் உள்ளத்தில் உள்ள உணர்ச்சி எதுவாயினும், அது கம்பிக்குச் செல்லும் வழி ஒன்றே: சுத்தியல் பிரியும் கணத்தில் அதன் வேகம்.

இவ்வுண்மையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியின் மெய்நிகர் பியானோ சாத்தியமானதே இதனால்தான். விரலின் செயல் முழுவதும் கடைசியில் ஒரு வேகமாகச் சுருங்குகிறது என்றால், அந்த வேகத்தை ஓர் எண்ணாக எழுதிவிடலாம் அல்லவா? 1983-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ‘மிடி’ என்னும் பொதுமுறை அதையே செய்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இக்குதாரோ காக்கெஹாஷியும் அம்முறை உருவாக முன்னின்று உழைத்தவர்கள். அப்பணிக்காக 2013-இல் இருவருக்கும் கிராமி விருது வழங்கப்பட்டது. மிடி முறையில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் உண்டு. பியானோவின் 88 கட்டைகளும் 21 முதல் 108 வரை எண்ணப்படும். நடுவிலுள்ள சி என்னும் சுரத்துக்கு 60. அழுத்தும் வேகத்துக்கு 1 முதல் 127 வரை எண். 2020-இல் அறிமுகமான இரண்டாம் மிடி இவ்வேக அளவை 65,000-க்கு மேற்பட்ட படிகளாக விரித்துள்ளது. எனினும் மாணவர்கள் கையாளும் கருவிகளில் பெரும்பாலும் 127 படிகளே பேசுகின்றன.

வேகத்தைக் கருவி எவ்வாறு அளக்கிறது? கட்டையின் அடியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு உணர்விகள் உள்ளன. கட்டை முதலாவதைக் கடந்து இரண்டாவதை அடைய எடுத்துக்கொள்ளும் நேரம் அளக்கப்படுகிறது. நேரம் குறைந்தால் வேகம் மிகுதி, எண்ணும் பெரிது. சிறந்த டிஜிட்டல் பியானோக்களில் மூன்றாவது உணர்வி ஒன்றும் இருக்கும். கட்டையை முழுவதும் மேலே விடாமலே அதே சுரத்தை மீண்டும் ஒலிக்கச் செய்ய அது உதவும். பாரிஸ் நகரத்து செபஸ்தியான் எரார் 1821-இல் மரத்தாலும் தோலாலும் சாதித்த அதே விரைவை, இன்று ஓர் உணர்வி நமக்குத் தருகிறது.

இனிக் கட்டைகளின் வகைகளைக் காண்போம். கடைகளில் கீபோர்டு என்று விற்கப்படும் மலிவான கருவிகளில் கட்டையின் கீழ் ஒரு வில்சுருள் மட்டுமே இருக்கும். பியானோவின் கட்டை தொடக்கத்தில் எதிர்த்து, சுத்தியல் கிளம்பிய பின் இலகுவாகிறது. வில்சுருளோ இதற்கு நேர்மாறு. தொடக்கத்தில் இலகுவாக இருந்து, அழுத்த அழுத்தக் கடினமாகிறது. இரண்டாம் வகையில் வில்சுருளோடு சிறிது எடையும் சேர்ந்திருக்கும். இதனை அரை எடைக் கட்டை என்பர். மூன்றாம் வகையே முழு எடைக் கட்டை. அதனுள் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சிறு சுத்தியல் உண்மையாகவே எழுந்து விழுகிறது. அது தாக்கக் கம்பி இல்லை. விரலுக்குக் கனத்தை உணர்த்துவது ஒன்றே அதன் தொழில்.

என் அனுபவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நான் ஆர்மோனியத்தில் தொடங்கியவன். ஆர்மோனியத்தில் விரல் வாயிற்காவலன் போன்றது. கதவைத் திறக்கும், மூடும், அவ்வளவே. ஒலியின் வன்மையும் மென்மையும் துருத்தியை இயக்கும் இடக்கையின் பொறுப்பு. அதிலிருந்து எடைக் கட்டைக்கு வந்தபோது, துருத்தி செய்துவந்த வேலை பத்து விரல்களுக்கும் பங்கிட்டு அளிக்கப்பட்டதை உணர்ந்தேன். ஒவ்வொரு விரலும் தனித்தனியே ஒரு துருத்தி ஆகவேண்டியிருந்தது! மோதிர விரலும் சுண்டு விரலும் அப்பொறுப்புக்கு எளிதில் உடன்படவில்லை. ஆர்மோனியத்திலிருந்தோ இலகுவான கீபோர்டிலிருந்தோ வருகிற ஒவ்வொரு மாணவனும் இந்நிலையைக் கடந்தே ஆகவேண்டும்.

கடக்காவிட்டால் என்ன? கல்லூரி மாணவி ஒருத்தியை நான் அறிவேன். நான்கு ஆண்டுகள் வில்சுருள் கீபோர்டில் அக்கறையோடு பயின்றவள். பாடம் ஒன்றும் மறவாதவள். ஒரு போட்டியில் உண்மையான பியானோவின் முன் அமர்ந்தாள். மென்மையாக வாசிக்க வேண்டிய பகுதி வந்ததும் மூன்றில் ஒரு சுரம் ஒலிக்கவே இல்லை. காரணம் எளிது. பியானோவில் கட்டையை அளவுக்கு மீறி மெல்ல அழுத்தினால் சுத்தியல் கம்பியை எட்டாமலே திரும்பிவிடும். அவள் வீட்டுக் கருவி அவளுக்கு இதனை ஒருநாளும் சொன்னதில்லை. அவள் கண்ணீரோடு கேட்டாள்: “நான்கு வருடமும் வீண்தானா, ஐயா?” வீண் அன்று, சுரமும் தாளமும் அவளுக்குத் தெரிந்தே இருந்தன. ஆயினும் விரலுக்கு வரவேண்டிய செய்தி ஒன்று நான்கு ஆண்டுகள் வராமலே நின்றுவிட்டது. கட்டையின் எடை என்பது அந்தச் செய்திதான். வீணை வித்துவான் தம் வீணையை உடன் எடுத்துச் செல்கிறார். பியானோ வாசிப்பவரோ போகுமிடத்தில் உள்ள பியானோவையே ஏற்கவேண்டும். தேர்வெழுதும் மாணவர்க்கும் நிலை அதுவே. ஆகவே எந்தப் பியானோவின் எடையையும் சில நொடிகளில் அளந்தறியும் கை வேண்டும்.

இனி மென்பொருளை அமைக்கும் முறைக்கு வருவோம். மெய்நிகர் பியானோக்கள் இருவகைப்படும். ஒன்று, உண்மையான பியானோவின் ஒலிகளைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு வேண்டும்போது எடுத்துத் தருவது. ‘சலமாண்டர்’ என்னும் இலவசத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். யமஹா பியானோ ஒன்றில், அடிக்கட்டை தொடங்கி மூன்று கட்டைக்கு ஒன்றாக 30 சுரங்கள், ஒவ்வொன்றும் 16 வகை வேகத்தில் பதிவாகியுள்ளன; ஆக, அடிப்படைப் பதிவுகள் மட்டும் 480. இடையிலுள்ள சுரங்களை அருகிலுள்ள பதிவை உயர்த்தியும் தாழ்த்தியும் மென்பொருள் ஆக்கிக்கொள்கிறது. மற்றொன்று, பதிவே இல்லாமல், கம்பியும் சுத்தியலும் பலகையும் அதிரும் முறையைக் கணக்கிட்டு அவ்வப்போது ஒலியைப் படைப்பது. பிரான்சு நாட்டில் உருவாகி 2006-இல் வெளிவந்த ‘பியானோடெக்’ இவ்வகையைச் சேர்ந்தது. முன்னதற்கு வட்டில் இடம் மிகுதியாக வேண்டும். பின்னதற்குக் கணக்கிடும் திறன் மிகுதியாக வேண்டும். உங்கள் கணினியின் இயல்பை நோக்கித் தேர்ந்துகொள்ளுங்கள்.

டிஜிட்டல் பியானோவையும் கணினியையும் யூஎஸ்பி கம்பியால் இணைக்கவேண்டும். அக்கம்பி வழியே ஒலி செல்வதாகப் பலர் எண்ணுகின்றனர். மிடிக்கென அமைந்த இணைப்பில் செல்வன முன்சொன்ன எண்களே; ஒலி கணினியில்தான் பிறக்கிறது. சில மென்பொருள்கள் தனித்தே இயங்கும். சில, பிளக்-இன் என்னும் வடிவில், இசைப்பதிவு மென்பொருள் ஒன்றன் உள்ளே குடியிருக்கும். ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல் வகுத்த விஎஸ்டி என்னும் முறை இவ்வழக்கத்தைப் பரப்பியது. 1999 முதல் இசைக்கருவிகளே அம்முறையில் வரலாயின. மென்பொருளின் அமைப்புப் பகுதியில் இரண்டு வாயில்களைத் திறக்கவேண்டும். மிடி உள்வரும் இடத்தில் உங்கள் பியானோவின் பெயரையும், ஒலி வெளிவரும் இடத்தில் விண்டோஸ் ஆயின் ஆசியோ டிரைவரையும், மேக் கணினி ஆயின் கோர் ஆடியோவையும் தெரிவுசெய்யுங்கள்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது தாமதம். கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக அனுப்புவதில்லை. குடம் நிரம்பிய பின்பே ஊற்றுகிறது. அக்குடத்துக்குப் பஃபர் என்று பெயர். ஒலியின் ஒரு நொடி 44,100 துளிகளாகப் பகுக்கப்படுகிறது. குடம் 1024 துளி கொண்டதாயின், நிரம்ப 23 மில்லி விநாடி ஆகும். 512 ஆயின் ஏறத்தாழ 12. 256 ஆயின் ஏறத்தாழ 6. 128 ஆயின் 3. மற்றப் பகுதிகளின் தாமதமும் இதனோடு சேரும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் செல்லவே ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகிறது. ஆகவே 10 மில்லி விநாடித் தாமதம் என்பது பியானோவை மூன்றரை மீட்டருக்கு அப்பால் வைத்து வாசிப்பதற்கு ஒப்பாகும். 256-இல் தொடங்குங்கள். ஒலி தடங்கலின்றி வந்தால் 128-க்கு இறக்குங்கள். நொறுநொறுவெனக் கேட்டால் குடத்தைப் பெரிதாக்குங்கள். புளூடூத் ஹெட்போன் இதற்கு உதவாது; அதன் தாமதம் மட்டுமே பெரும்பாலும் 100 மில்லி விநாடியைத் தாண்டும். கம்பியுள்ள ஹெட்போனையே கொள்க.

தாமதத்தைக் குறைப்பது வெறும் வசதிக்காக அன்று. அழுத்தியதும் ஒலி வாராவிட்டால், கட்டை தனக்கு இணங்கவில்லை என்று கை எண்ணுகிறது. தன்னை அறியாமலே இன்னும் ஓங்கி அடிக்கிறது. கட்டை மிகக் கனமாயுள்ளது என்று கூறுவோர் சிலரின் கருவியில், கனம் கட்டையில் இல்லை, குடத்தில் இருக்கிறது!

சிறிய செய்திகள் இரண்டு. டிஜிட்டல் பியானோ தன் ஒலியையும் கணினி தன் ஒலியையும் ஒருங்கே எழுப்பினால், ஒவ்வொரு சுரமும் இரட்டையாகக் கேட்கும். பியானோவின் அமைப்பில் ‘லோக்கல் கண்ட்ரோல்’ என்பதை அணைத்துவிட்டால் இத்தொல்லை நீங்கும். மற்றொன்று பெடல். விலை குறைந்த பெடல் ‘உண்டு, இல்லை’ என்னும் இரண்டே செய்தியை அனுப்பும். நல்ல பெடல் 0 முதல் 127 வரை இடைநிலைகளையும் அனுப்பும். பாதி அழுத்திப் பாதி ஒலியை நிறுத்தும் நுட்பம் மேல்நிலை மாணவர்க்கு வேண்டும். தொடக்கத்தில் இருப்பவர் முன்னதைக் கொண்டே பயிலலாம்.

இப்பொழுது இப்பேச்சின் மையத்துக்கு வந்துவிட்டோம். கட்டை அனுப்பும் வேக எண்ணுக்கு எவ்வளவு ஒலி தருவது என்பதை மென்பொருளில் ஒரு வளைகோடு தீர்மானிக்கிறது. அதனை வெலாசிட்டி கர்வ் என்பர். வளைகோட்டை மேலே உயர்த்தினால் மெல்லிய அழுத்தத்துக்கே பேரொலி கிடைக்கும். கீழே தாழ்த்தினால் ஓங்கி அடித்தால்தான் ஒலி எழும். இதனை அமைக்கும் வழி இது. மென்பொருள் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டு, ஒலிக்கும் அளவுக்கு மட்டும் மிக மெல்லப் பத்து முறை அழுத்துங்கள். இயல்பாகப் பத்து முறை அழுத்துங்கள். வலிக்காத அளவு வன்மையாகப் பத்து முறை அழுத்துங்கள். மூவகைக்கும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மென்மை 20 முதல் 40-க்குள்ளும், இயல்பு 60 முதல் 80-க்குள்ளும், வன்மை 100-க்கு மேலும் அமைந்தால் நேர்கோடே போதும். வன்மையாக அடித்தும் 90-ஐத் தாண்டவில்லை என்றால் கோட்டைச் சற்றே உயர்த்தலாம். இயல்பான அழுத்தமே 100-ஐத் தொட்டால் சற்றே தாழ்த்தலாம். ஹெட்போனின் ஒலியளவையும், உண்மையான பியானோ எதிரே இருந்தால் கேட்கும் அளவுக்கு ஒருமுறை அமைத்து, அப்படியே விட்டுவிடுங்கள். ஒலியளவு குறைந்தால் கை ஓங்கும், மிகுந்தால் கை அஞ்சும், செவிக்கும் தீங்கு.

அமைத்த பின் ஒரு மாதம் அதனைத் தொடாதீர்கள் என்பதே நான் வற்புறுத்திக் கூறவேண்டியது. கை பழகப் பழகத் தன் வேகத்தை மாற்றிக்கொள்கிறது. அதே காலத்தில் வளைகோட்டையும் நாள்தோறும் மாற்றினால், எது மாறியது, எது திருந்தியது என்று யாரும் அறிய இயலாது. அளக்கும் கோலை ஆட்டிக்கொண்டே துணியை அளப்பவன் கதையாக அது முடியும். மேலும், கைக்கு எளிதாகவேண்டும் என்று கோட்டை மிக உயர்த்தினால், எடைக் கட்டையைப் பணம் கொடுத்து வாங்கி அதன் எடையை நாமே அழித்துவிட்டவராவோம். கருவியை ஒருமுறை கைக்கு இசைவியுங்கள். பின்பு கையைக் கருவிக்கு இசைவியுங்கள்.

கையைப் பழக்கும் முறை கடினமானது அன்று. பொறுமை ஒன்றே வேண்டும். முன்கை தரைக்கு இணையாக இருக்கும் உயரத்தில் அமருங்கள். மணிக்கட்டு விறைத்துவிடவும் வேண்டா, தொங்கிவிடவும் வேண்டா. விரலை மட்டும் கொண்டு கட்டையைத் தள்ளாமல், கையின் கனத்தையே விரல்நுனியில் இறக்குங்கள். நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றுபவள் விரல் வலிமையை நம்புவதில்லை. உடலின் கனத்தை எங்கே சாய்ப்பது என்று அறிந்திருக்கிறாள். பியானோவும் அப்படியே. முதல் இரண்டு வாரம் காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் போதும். ஐந்து சுரங்களை ஐந்து விரல்களால் மிக மெதுவாக ஏறி இறங்குங்கள். பிறகு நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஏறத்தாழ மூன்று வாரத்தில் கட்டையின் கனம் என் நினைவிலிருந்து மறையத் தொடங்கியது. கட்டை இலகுவாகவில்லை; கை அதனோடு வழக்காடுவதை நிறுத்திக்கொண்டது.

இங்கேதான் மென்பொருள், பழைய பியானோ தராத ஓர் உதவியைத் தருகிறது. ஐந்து விரலும் ஒரே அளவில் ஒலிப்பதாக நாம் எண்ணுவோம். எண்களோ கட்டைவிரலுக்கு 82, மோதிர விரலுக்கு 51 என்று உண்மையைச் சொல்லிவிடும். இவ்வைந்து எண்களும் 60-க்குப் பக்கத்தில், ஐந்துக்கு மேல் கூடாமலும் குறையாமலும் வரும்வரை பயிலுங்கள். பின்பு அதனையே 40-இலும், அதன்பின் 90-இலும் செய்யுங்கள். எனினும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே யாரும் நடந்து போவதில்லை. பயிற்சியின் முடிவில் திரையை அணைத்துவிட்டு, செவியை மட்டும் நம்பி ஒருமுறை வாசியுங்கள். இசை 127 எண்களில் இல்லை. அடுத்தடுத்து வரும் எண்களுக்கிடையே நாம் தேர்ந்துகொள்ளும் உறவில் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். முன்கையில் வலியோ விரலில் மரமரப்போ தோன்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். நீடித்தால் மருத்துவரைக் காணுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு வலிமை தேடுவது விவேகம் அன்று. ஜெர்மானிய இசைமேதை ராபர்ட் சூமான் இளமையில் பியானோ வித்துவானாக விளங்க விரும்பினார். விரலுக்குத் திறம் சேர்க்க ஒரு பொறியையும் பயன்படுத்தினார். 1830-களின் தொடக்கத்தில் அவருடைய வலக்கை விரல் செயலிழந்தது. மேடை வாசிப்பு என்னும் கனவு கலைந்தது. அப்பொறி ஒன்றே காரணமா என்பதில் அறிஞர்கள் வேறுபடுகின்றனர். ஆயினும் அவசரப்படும் விரலுக்கு அவர் வாழ்வு ஒரு பாடமாக நிற்கிறது. நற்பேறாக, அவர் இசை இயற்றுவதில் முழு மனத்தையும் செலுத்தினார். உலகம் ஓர் இயலிசை மேதையைப் பெற்றது.

இறுதியாக, பெற்றோர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் ஒரு செய்தி. கையிலுள்ள பணம் குறைவாயின் அதனை எதற்குச் செலவிடுவது? என் விடை ஐயத்துக்கு இடமற்றது: முதலில் கட்டைக்கு, பிறகு பெடலுக்கும் கம்பியுள்ள ஹெட்போனுக்கும், கடைசியில் மென்பொருளுக்கு. மென்பொருள் இலவசமாகவும் கிடைக்கிறது, நாளை அதனினும் சிறந்தது வரும், அப்பொழுது மாற்றிக்கொள்ளலாம். தவறான கட்டையில் பழகிய கையை மாற்றுவது அவ்வளவு எளிதன்று. புதியது வாங்க வசதி இல்லையெனில், உபயோகித்த எடைக் கட்டைப் பியானோ ஒன்றைத் தேடுங்கள். அதன் சொந்த ஒலி பழமையாயினும் கவலை இல்லை. ஒலியைக் கணினி தந்துவிடும். வாங்குமுன் 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக மெல்ல அழுத்திப் பாருங்கள். வாய்ப்புள்ளோர் மாதம் ஒருமுறையேனும் பள்ளியிலோ தேவாலயத்திலோ நண்பர் வீட்டிலோ உள்ள உண்மையான பியானோவில் வாசித்துவாருங்கள்.

முன்னே கூறிய மாணவி எடைக் கட்டைக்கு மாறினாள். மென்மைப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சுரமும் ஒலிக்கும் வரை மெதுவாக வாசித்தாள். நான்கு ஆண்டு உழைப்பு எங்கும் போய்விடவில்லை. விரல் நுனி அதனைப் பெற்றுக்கொள்ளச் சில மாதங்களே ஆயின. பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி 300 ஆண்டுகளுக்கு முன் கம்பிக்கும் விரலுக்கும் இடையே ஒரு சிறு சுத்தியலை வைத்தார். இன்று கம்பி எண்ணாக மாறிவிட்டது. அரங்கம் ஹெட்போனுக்குள் அடங்கிவிட்டது. மாறாமல் நிற்பது அச்சுத்தியலின் கனம் ஒன்றே. அதனைத் தடையென்று தள்ளாமல் ஆசிரியராக ஏற்றுக்கொள்ளும் மாணவனுக்கு, எவ்வூரில் எந்தப் பியானோவின் முன் அமர்ந்தாலும் கை அஞ்சாது.